சந்தா கட்டிய ஒரே ராஜா

ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார் என்றுதான் எல்லாரும் கதையை ஆரம்பிப்பார்கள். எங்கள் கதையில் நாட்டுக்கு ஒருவராக ஏழு ராஜாக்கள் சார். அதில் ஒரு ராஜா திண்டுக்கல்லில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அது நான்தான். சிரிக்காதீர்கள்.

உட்காருங்கள், உட்காருங்கள். பையை அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள். பாலக்காட்டு வண்டிக்கா? அதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. நான் வண்டி ஏற வரவில்லை. ஒருவரைப் பார்க்க வந்திருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸ் போகிற பகல் வண்டி இந்தப் பிளாட்பாரத்தில் மூன்று நிமிஷம் நிற்கும். அந்த மூன்று நிமிஷத்துக்குள் என் கோட்டையை அவரிடமிருந்து திருப்பி வாங்கியாக வேண்டும். காலையிலிருந்து ஒரு டீயைத் தவிர தொண்டைக்குக் கீழே ஒன்றும் இறங்கவில்லை.

பைத்தியக்காரன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோமோ என்று பார்க்கிறீர்கள். இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

'கட்டமும் காயும்' என்று ஒரு பத்திரிகை. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பெட்டிக்கடையில் தொங்குகிற பத்திரிகை இல்லை அது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தபாலில் வரும். பலகையில் காய் வைத்து விளையாடுகிற ஆட்டங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் பித்துப் பிடித்தவர்களுக்காகவே நடந்தது. புதுப் புது ஆட்டம், அதற்கு விதிகள், கத்தரித்து எடுத்துக்கொள்ள அட்டைக் காய்கள், எல்லாம் இருக்கும். நடத்தியவர் பாளையங்கோட்டை தேவசகாயம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஆசிரியர் என்றுதான் சொல்வோம். அவர்தான் இன்றைக்கு இந்த வண்டியில் வருகிறார்.

அந்தப் பத்திரிகையின் நடுப் பக்கத்தில் 'ஏழு நாடு' என்று ஒரு ஆட்டம் நடந்தது. பதின்மூன்று வருஷம் நடந்தது சார், ஒரே ஆட்டம். ஆசிரியர் மனசில் இருந்து ஒரு தேசத்தை வரைந்தார். ஆறு, மலை, உப்பளம், கணவாய். அதை ஏழாகப் பிரித்து ஏழு வாசகர்களுக்குக் கொடுத்தார். எனக்கு மேட்டுநாடு. தலைநகரம் வேங்கைமலைக் கோட்டை. இதோ, பழைய வரைபடம். பச்சையாக இருக்கிறதே, அதெல்லாம் என்னுடையது. ஒருகாலத்தில் என்னுடையது.

எப்படி விளையாடுவது என்றால், ஏழு பேரும் அவரவர் படை எங்கே போக வேண்டும் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி ஆசிரியருக்குப் போடுவோம். அதற்கு ஆணை என்று பெயர். ஒருவர் ஆணை இன்னொருவருக்குத் தெரியாது. ஏழும் வந்து சேருகிறவரை ஆசிரியர் ஒன்றையும் படிக்க மாட்டார். வந்த பிறகு வரைபடத்தை விரித்து, குண்டூசிகளை நகர்த்தி, பகடை உருட்டி, மூன்று நாள் உட்காருவார். அடுத்த இதழில் வரும்: 'மேட்டுநாட்டு மன்னர் ஆற்றைக் கடந்தார். வடகரையார் பின்வாங்கினார்.' இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்காகத் தபால்காரரைத் தெருமுனையிலேயே மறிப்பேன். அச்சில் வந்தது வந்ததுதான் என்பார் ஆசிரியர். யார் அழுதாலும் மாற்ற மாட்டார்.

வடகரை ராஜா யார் தெரியுமா? சேலத்தில் மாட்டு டாக்டர், நல்லமுத்து என்று பெயர். ஒரு தடவை சேலம் போனபோது அவர் கிளினிக்குக்குப் போனேன். மனிதர் உள்ளே ஒரு எருமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் அஞ்சலட்டை கிடந்தது. குப்புறத்தான் கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். அந்த முறை ஆற்றங்கரைக் கோட்டை எனக்கு வந்தது. டாக்டர் குதித்தார். ஆசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? "விதி ஒன்பதப் படிச்சுப் பாருங்க டாக்டர். ஒற்று அறிஞ்சு நடக்கலாம். ரகசியத்தக் காப்பாத்த வேண்டியது ராஜாவோட பாடு." அதுதான் ஆட்டம் சார். அது திறமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி இன்னும் கொடைரோடு தாண்டவில்லையாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசிரியர் ஒரு கடிதம் எழுதினார். காகித விலை தாங்கவில்லை, அச்சகக்காரர் கையை விரித்துவிட்டார், இனிமேல் இணையத்தில்தான் வரும் என்று. எழுதட்டும். ஆனால் சந்தா மட்டும் அதே சந்தாவாம்! ஒரு பைசா குறைக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம். காகிதம் இல்லை, மை இல்லை, தபால்தலை இல்லை. காற்றில் வருகிற எழுத்துக்கு எதற்கு சார் காசு? பக்கத்தை மடிக்க முடியுமா? அட்டைக் காயைக் கத்தரிக்க முடியுமா? படித்து முடித்துப் பழைய பேப்பர்காரனுக்காவது போட முடியுமா? நான்கு பக்கத்துக்கு எழுதி வாட்ஸப் குழுவில் போட்டேன். எங்கள் குழுவில் ஏழு ராஜாக்கள்தான்.

தூத்துக்குடியில் ஒரு டீச்சர், மெர்சி. உப்பளநாட்டு ராணி அவர். வாய் கொஞ்சம் நீளம். "அண்ணாச்சி, நாம இத்தன வருசமா காயிதத்துக்கா காசு குடுத்தோம்? அப்ப வெறும் நோட்டு வாங்கி வச்சிருக்கலாமே, இன்னும் வழவழன்னு இருக்குமே" என்றார். டாக்டர் இருக்கிறாரே, அவர் ஒரு பக்கம்: "ஊசி போட்டாக் காசு குடுக்கறானுங்க. போன்ல வைத்தியம் சொன்னா ஒருத்தனும் குடுக்கறதில்லீங்க. மாடு மட்டும் ரெண்டுக்கும் பொழச்சுக்குதுங்க."

கிண்டல். வாதத்துக்குப் பதில் இல்லாதவன் கிண்டல்தானே பண்ணுவான்?

என் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கண் பரிசோதனை இலவசம் என்று போர்டு வைத்திருக்கிறேன். வருகிறான், உட்காருகிறான், அரை மணி நேரம் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துப் பவரை எழுதிக் கொடுக்கிறேன். சீட்டை வாங்கிக்கொண்டு போய் போனில் கண்ணாடி ஆர்டர் பண்ணுகிறான் அயோக்கியன். என் அரை மணி நேரம் என்ன ஆச்சு? மண்ணாப் போச்சா? அது வேறு விஷயம். எதற்குச் சொல்ல வந்தேன்... ஆங், சந்தா.

ஆனால் ஒன்று, ஞானசிகாமணி கஞ்சன் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. எதிர்த்தவனும் நான்தான், ஏழு பேரில் முதலில் கட்டியவனும் நான்தான். கட்டிவிட்டு என்ன செய்தேன்? பாஸ்வேர்டைக் குழுவிலே போட்டேன். 'யாரும் காசு கட்ட வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு பேப்பர் வாங்கினால் தெருவே படிக்கவில்லையா? அதுபோல என் பெயரில் உள்ளே போய் எல்லாரும் படியுங்கள்.' தப்பா? என் கடையில் கிடந்த 'கட்டமும் காயும்' இதழை எத்தனை வாடிக்கையாளர் புரட்டியிருப்பார்கள்! காசு கொடுத்து வாங்கிய பொருளை நாலு பேருக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லையா?

மெர்சி டீச்சர்கூட கேட்டார், "அண்ணாச்சி, நல்லா யோசிச்சுத்தான் போட்டீங்களா?" என்று. தாராளம் என்றால் அப்படித்தான் டீச்சர் என்றேன்.

ஆசிரியருக்கு இது தெரிந்ததோ தெரியாதோ, ஒன்றும் சொல்லவில்லை. காசு கட்டாதவர்கள் பழையபடி அஞ்சலட்டையிலேயே ஆணை எழுதிப் போடலாம், யாரையும் ஆட்டத்தை விட்டு நிறுத்த மாட்டேன் என்று மட்டும் அறிவித்தார். ஆறு பேரும் அட்டை போட்டார்கள். நான் சந்தாதாரன். எனக்கு அட்டை வேண்டாம். என் பெயரில் உள்ளே போனால் பத்திரிகையும் இருக்கும், பக்கத்திலேயே 'உங்கள் ஆணை' என்று ஒரு பக்கமும் இருக்கும். அதிலே எழுதிவிட்டு வந்துவிடுவேன். சௌகரியம்.

இப்போதுதான் கவனமாகக் கேட்க வேண்டும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு திட்டம் போட்டேன். வாழ்நாள் திட்டம். வேங்கைமலையில் இருந்த படை முழுவதையும் கணவாய் வழியாக உப்பளநாட்டுக்கு இறக்குவது. கோட்டைக்குக் காவல் இரண்டே இரண்டு காய். எவனும் கனவிலும் நினைக்க மாட்டான். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. என் பக்கத்தில் எழுதினேன், மூடினேன். அவ்வளவுதான்.

முடிவு வந்தது. படித்துவிட்டுக் கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆறு நாடும், ஒன்றோடொன்று பேச்சு வார்த்தை இல்லாத ஆறு நாடும், ஒரே மாதத்தில் ஒரே கோட்டை மேல் வந்து விழுந்திருக்கிறது! மெர்சி டீச்சர் கணவாயின் கீழ் வாயிலும் ஒரு படையை நிறுத்தி வைத்திருக்கிறார், மாப்பிள்ளையை வரவேற்கிற மாதிரி. 'வேங்கைமலை வீழ்ந்தது. மேட்டுநாடு இனி இல்லை.' இரண்டே வரி.

ஆறு பேருக்கும் ஜோசியமா தெரியும்? என் ஆணை இரண்டே பேருக்குத்தான் தெரியும். எழுதிய நான், வாங்கிய ஆசிரியர். நான் சொல்லவில்லை. அப்படியென்றால் யார்?

என்ன சார், ஏதோ சொல்ல வந்தீர்கள்? பாஸ்வேர்டா? அது பத்திரிகை படிக்கக் கொடுத்தது சார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பீரோவைத் திறக்கலாமா? குடும்பத்தில் பிறந்தவன் செய்வானா? அவர்கள் செய்திருக்க மாட்டார்கள். டாக்டரும் டீச்சரும் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. நீங்கள் அவர்களைப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறீர்கள்.

சும்மா இருந்துவிடவில்லை நான். எனக்குத் தெரிந்த வாசகர்கள் அத்தனை பேருக்கும் எழுதினேன். 'காசையும் வாங்கிக்கொண்டு சந்தாதாரரின் ரகசியத்தை வெளியே விடுகிறார் ஆசிரியர். இன்று எனக்கு, நாளை உங்களுக்கு.' தீ பிடித்த மாதிரி பரவியது. பாதிப் பேர் சந்தாவைத் திருப்பிக் கேட்டார்கள். அவரும் மறுபேச்சு இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு அறிவிப்பு: இந்த மாதக் கடைசியில் பத்திரிகையை நிறுத்துகிறேன், ஏழு நாட்டின் கடைசி வரைபடத்தை மட்டும் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டு மகள் வீட்டுக்கு மெட்ராஸ் போகிறேன் என்று.

கடைசி வரைபடம். அதில் பச்சையே இல்லை சார். பதின்மூன்று வருஷம் ஆண்டவன் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. பின்னால் எவனாவது எடுத்துப் பார்த்தால் இந்தத் தேசத்தில் ஆறு பேர்தான் இருந்தார்கள் என்று நினைப்பான்.

அதைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். முன்னே என்றால் அச்சு, மாற்ற முடியாது, ஒத்துக்கொள்கிறேன். இப்போது என்ன? காற்றில் இருப்பதுதானே? ஒரு விரலால் தட்டினால் மாறிவிடும். டாக்டரும் என் பக்கம்தான். அவர்தான் நேற்று கூப்பிட்டுச் சொன்னார், "ஆசிரியர் நாளைக்குப் பகல் வண்டியில போறாருங்க. ஒருக்கா நேர்ல பாத்துப் பேசிப்போடுங்க. இல்லீன்னா மனசுக்குள்ளயே கெடக்குமுங்க" என்று. பாருங்கள், அவருக்கே உறுத்துகிறது.

அறிவிப்புக் கேட்டதா? வருகிறது. ஐயோ, எந்தப் பெட்டி என்று கேட்கவில்லையே. சார், ஒரே ஒரு உதவி. என்கூட வாருங்கள். பேச வேண்டாம். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றால் போதும். எனக்கு ஒரு சாட்சி வேண்டும்.

போய்விட்டது வண்டி.

நீங்கள் தூணோரமாகத்தானே நின்றீர்கள்? காதில் விழுந்ததா? இந்த இரைச்சலில் எங்கே விழுந்திருக்கும். கொஞ்சம் இருங்கள், மூச்சு வாங்குகிறது. உட்காருங்கள். ஜெயித்துவிட்டேன் சார். கொடுத்துவிட்டார்.

பெட்டி வாசலிலேயே நின்றிருந்தார், நான் வருவேன் என்று தெரிந்த மாதிரி. கையில் போன். ஆள் இளைத்துவிட்டார். எப்போதும் "என்னவே ஞானம்" என்பார். இன்றைக்கு "வாங்க சார்" என்றார். சார் என்றதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் விடவில்லை. "என் ஆணை எப்படி வெளிய போச்சுன்னு எனக்கு இப்பத் தெரியணும்" என்றேன்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். "உங்க பக்கத்த எந்த ஊர்ல இருந்து யார் திறந்தாலும் எனக்குத் தெரியும் சார். அந்த வாரத்துல சேலத்துல இருந்து திறந்திருக்காங்க. தூத்துக்குடியில இருந்து திறந்திருக்காங்க. ஆறு ஊர்ல இருந்து திறந்திருக்காங்க. அங்கெல்லாம் உங்களுக்குக் கண்ணாடிக் கட இருக்கோ?"

"நான் படிக்கத்தான் குடுத்தேன். ஆணையப் பாக்கச் சொல்லிக் குடுக்கல" என்றேன். சரிதானே? நீங்களே சொல்லுங்கள்.

நானாகத்தான் கேட்டேன், "இதெல்லாம் தெரிஞ்சும் இத்தன மாசமா ஏன் வெளிய சொல்லல? ஊரே உங்கள ஏசிச்சே." அவர் சொன்னார்: "சொன்னா உம்ம பேருல்லா கெடும் வே." அப்போது மட்டும் சார் போடவில்லை.

பச்சை விளக்கு விழுந்துவிட்டது. "என் கோட்டை" என்றேன்.

"மாத்தித் தாரேன்" என்றார். சார், பதின்மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "ஆனா காரணம் எழுதாம மாத்த மாட்டேன். மத்த ஆறு பேரும் பாப்பாங்க. என்ன காரணம்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றத அப்படியே போடுதேன்" என்று போனைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு காரணம்தான் இருந்தது. ஒன்று... அதை விடுங்கள். வண்டி கிளம்பப் போகிறது, கார்டு விசில் ஊதிவிட்டார், யோசிக்க ஏது நேரம்? 'ஆசிரியரின் கவனக்குறைவால் மேட்டுநாட்டு ஆணை வெளியானது. ஆகவே அந்த முடிவு செல்லாது.' அப்படிச் சொன்னேன். கவனக்குறைவு என்றுதான் சொன்னேன் சார். அதைவிடக் கனமான வார்த்தையெல்லாம் வாயில் இருந்தது. சொல்லவில்லை. எனக்கும் மனசு இருக்கிறது.

அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது, நான் கூடவே நடக்கிறேன். தட்டி முடித்துப் போனை என் பக்கம் திருப்பினார், அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை பார்க்கக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. "சரியா இருக்கா?" என்றார். கீழே அவர் பெயர் இருந்தது. சரி என்றேன். அழுத்திவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை சார். உள்ளே போய்விட்டார்.

இதோ பாருங்கள், வந்துவிட்டது. வேங்கைமலை. பச்சை. எவ்வளவு அழகாக இருக்கிறது! கண்ணாடி வேண்டுமானால் என்னிடம் ஒன்று இருக்கிறது, போட்டுப் பாருங்கள்.

குழுவிலும் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. டாக்டர்: 'இதத்தான் பேசப் போனீங்களாங்க? நான் வெலகிக்கறனுங்க.' அவர் வெளியேறினார் என்று காட்டுகிறது. போகட்டும். ஆற்றங்கரைக் கோட்டை போன நாளிலிருந்தே அவருக்கு என் மேல் புகைச்சல். டீச்சர் எழுதுகிறார்: 'அண்ணாச்சி, நீங்க வீட்டத் தொறந்து போட்டுட்டுப் போனீங்க, விதி ஒன்பதுன்னு நாங்க நொழஞ்சோம். ஆசிரியர் கேட்டா உள்ளதச் சொல்லணும்னு அன்னைக்கே பேசி வச்சிருந்தோம், அவரு கேக்கவே இல்ல. கோட்ட உங்களுக்கே இருக்கட்டும். அந்த மனுசன் மேல பழியப் போட்டு வாங்கின நாட்டுக்குப் பக்கத்துல எனக்கு நாடு வேண்டாம்.' டீச்சரும் வெளியேறினார். இன்னொருவர். இது யார்... அவரும். பொறாமை சார். ஒருத்தன் ஜெயித்தால் தாங்காது.

கடைசி ஆளும் போய்விட்டார்.

நீங்கள் கேட்டீர்கள்தானே எல்லாவற்றையும்? ஆரம்பத்திலிருந்து கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். நான் சொன்னதில் ஏதாவது தப்பு... என்ன சார், எழுந்துவிட்டீர்கள்? பாலக்காட்டு வண்டிக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. தண்ணீர் பிடிக்கவா? குழாய் இந்தப் பக்கம். சார், பையை ஏன் எடுக்கிறீர்கள்? நான் பார்த்துக்கொள்கிறேனே.

அங்கே எதற்குப் போகிறீர்கள்? அந்தக் கடைசிப் பெஞ்சில் கூரையே கிடையாது சார். வெயில் நேரே அடிக்கும். இங்கேதான் இவ்வளவு இடம் இருக்கிறதே. சார்...